இரண்டு டோல்க், ஒரு குடிசை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு மேடைப்பேச்சாகத்தான் தொடங்கியது. எங்கள் ஸ்மோலாந்து ஊர்க் கழகம், பழைய சிப்பாய்க் குடிசைக்குப் பெயர்ப்பலகை வைக்கிறது. 1808 போரில் மாண்ட நில்ஸ் டோல்க்கின் வாரிசாக, சிக்ஸ்டன் டோல்க் ஆகிய நான் பேசவேண்டும். முதல் வரி இப்படி:

"என் உடம்பில் ஓடும் அந்த வீரனின் ரத்தம்..."

(அடித்துவிட்டேன். காரணம் கீழே.)

2

அந்தக் காலத்தில் சிப்பாய்க்குக் குடும்பப்பெயர் கொடுத்தது பட்டாளம்.* அவன் செத்தால், அடுத்து வருபவனுக்குக் குடிசையோடு பெயரும் போய்ச்சேரும். இருபது வருடமாகச் சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். சொந்தப் பெயர் என்றதும் புத்தி மழுங்கிவிட்டது. தேதி சரிபார்க்கப் பட்டாளப் பதிவேட்டைப் புரட்டினால்: "நில்ஸ், போர்முகாமில் காய்ச்சலில் மரணம். அவனிடத்தில் பெர்."

எங்கள் வம்சத்தின் முதல் பிள்ளை பிறந்தது 1811இல், பெர்ருக்கு. பெர் போரையே பார்த்ததில்லை. உருளைக்கிழங்கு போட்டான்; நில்ஸின் விதவை கெர்ஸ்டினைக் கட்டிக்கொண்டான்.

(பெர்ரை ரகசிய வீரனாக்கி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சகிக்கவில்லை.)

* டோல்க் என்றால் குத்துவாள். நான் கத்தி எடுப்பது வெண்ணெய் தடவ மட்டும்.

3

நில்ஸின் ஒரே மகள் வழி வந்தவள் பக்கத்து வீட்டு மைக்கென் என்றது தேவாலயப் பதிவேடு. பெண்வழி என்பதால் பெயர் தங்கவில்லை. என்னோடு பள்ளிக்கூடம் படித்தவள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

"வீரர் உன் தாத்தாடி, என் தாத்தா இல்ல. ஞாயித்துக்கிழமை நீதான் பேசணும்."

"அடப்பாவி! நாப்பது வருஷமா நீ பீத்திக்கிட்டது எங்க தாத்தாவையா?" விழுந்து விழுந்து சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள். "அவர் சாகும்போது பொண்ணுக்கு என்ன வயசு?"

"ரெண்டு."

"சிப்பாய் செத்துட்டா விதவை குடிசைய காலி பண்ணணுமே?"

"ஆமா. பெர் கட்டிக்கிட்டதால தங்குனாங்க."

மைக்கென் காபி ஊற்றினாள். "அப்ப அந்தப் புள்ளைக்குக் கஞ்சி ஊத்துனது உங்க ஆளு. நான் பேசுறேன்டா. ஆனா நன்றி சொல்லப்போறது அவருக்குத்தான்."

"நான் நில்ஸுக்குச் சொல்லணும். என் புத்தகம் அத்தனையிலயும் இருக்கறது அவர் விட்டுட்டுப் போன பேரு."

4

முடிவு? ஒன்று: அவள் முதலில் பேசுகிறாள். இன்னொன்று: நான் பலகையருகே நின்று...

வேண்டாம். இருவர்மேலும் நன்றி பொங்குகிறது. அதற்குமேல் கதை கட்ட வரவில்லை. கழகம் வாங்கியிருப்பது ஒரே மலர்வளையம். யாருக்கு வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள். ஒன்று மட்டும்: பலகையில் கெர்ஸ்டின் பெயரே இல்லை. மைக்கெனுக்கும் எனக்கும் அவள்தான் பாட்டி.