நடுவர் குழு ஒப்புக்கொண்ட பைத்தியம்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மண்ணூர்பேட்டை வாசகர் வட்டத்தின் நடுவர்கள் மூவரும் கூடி, யுவராணி எழுதிய குறுநாவலில் பைத்தியம் என்று யாரும் இல்லை என ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

அது நாவலின் மூன்றாவது வடிவம். மனநல மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து இறந்துபோன ஓர் அம்மையாரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய பரிசு அது. மனநிலை தவறிய ஒருவரைச் சிறப்பாகப் படைத்த குறுநாவலை வட்டமே முந்நூறு பிரதிகள் அச்சிடும். அந்தப் பாத்திரத்துக்குப் பைத்தியம்தான் என்று நடுவர்கள் மூவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் விதி. யுவராணிக்கு நாற்பத்தேழு வயது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். பதினோரு வருடமாக எழுதுகிறாள். ஒரு வரிகூட அச்சானதில்லை. அந்த ஆண்டு போட்டிக்கு வந்ததும் அவளுடைய நாவல் ஒன்றுதான்.

முதல் வடிவத்தில் நாயகி மரகதம் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு அம்பத்தூர் மார்க்கெட்டில் ஓடினாள். எதிரே வந்தவர்களிடம் அவர்களுக்கு நடக்கப்போவதைச் சொன்னாள்.

"இது பைத்தியமா?" என்றார் சம்பந்தம். அவர் வட்டத்தின் தலைவர், ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆடி மாசத்துல எங்க தெருவாண்ட வந்து பாரும்மா. சாமி வந்து குறி சொல்றவங்க அஞ்சு பேரு கீறாங்க. அதுல ஒண்ணு என் மச்சினிச்சி. அது சொல்லித்தான் பொண்ணுக்கு மாப்ள பார்த்தேன்."

"மாப்ள எப்டி கீறாரு நைனா?" என்று கேட்டார் இரண்டாவது நடுவரான செல்வகுமார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"அத்த வுடு."

இரண்டாவது வடிவத்தில் மரகதம் கைகளை உயர்த்தி அழுதபடி, யாருக்கும் தெரியாத மொழியில் ஒரு மணி நேரம் பேசினாள். பிறகு கம்பெனிக்குப் போய் இயந்திரத்திடம் பேசினாள்.

"ஒரு மணி நேரம்தானா?" என்றார் மூன்றாவது நடுவர், ஓய்வு பெற்ற ஆசிரியை தெரசா. "எங்க ஜெபக் கூட்டத்துல காலைல ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் பேசுவாங்க. இதப் போய் வியாதின்னு எழுதினா பாவம், யுவராணி."

"மிஷினாண்ட பேசாத எவன் வேல செஞ்சான்?" என்றார் சம்பந்தம். "முப்பத்தி நாலு வருசம் நான் பேசிக்கினு இருந்தேன். ரெண்டு நாள் லீவு போட்டா அதுக்குக் கோவம் வந்துடும்."

யுவராணி மூன்று மாதம் யோசித்தாள். மூன்றாவது வடிவத்தில் மரகதம் வாசற்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, சமையலறை ஜன்னல் வழியாக ஏறி இறங்கி வீட்டுக்குள் போய் வந்தாள். இதை யாரும் மறுக்க முடியாது என்று யுவராணி நம்பினாள்.

செல்வகுமார் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். "அந்த ஜன்னலு எந்த மூலைல கீதுக்கா?"

"மூலையா? நான் யோசிக்கல."

"வடகிழக்குன்னு போட்டுடு. எங்க ஊட்ல ஒன்றர வருசமா அப்டித்தான் போயினு வந்துகினு கீறோம். வாஸ்துக்காரரு சொன்னாரு. மாமியாருக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். ஸ்டூல் போட்டுக் குடுத்துட்டோம்."

பைத்தியம் இல்லை என்று மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். யுவராணி கையெழுத்துப் பிரதியைக் கட்டைப் பைக்குள் வைக்கப் போனபோது தெரசா அதை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார்.

"நாலாவது அத்தியாயத்துல ஒருத்தி வர்றாளே, லலிதா. அவளுக்கு என்ன ஆச்சு?"

லலிதா மரகதத்தின் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பக்கம்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பட்டரவாக்கத்தில் ரயிலேறி வேப்பம்பட்டில் இறங்கி, நடைமேடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாள். நாவலில் தெளிவாக இருக்கிற ஒரே ஆள் அவள் என்று காட்டத்தான் யுவராணி அவளை வைத்திருந்தாள்.

"அங்க யார்னா சொந்தக்காரங்க கீறாங்களா?" என்றார் சம்பந்தம்.

"இல்ல சார்."

"மனை கினை வாங்கிப் போட்டுகிறாளா?"

"இல்ல."

"உட்கார்ந்து ஜெபம் பண்றாளா?" என்றார் தெரசா.

"இல்ல டீச்சர். சும்மா உட்காருவா."

"போன் பார்த்துகினு இருப்பாளா இருக்கும்," என்றார் செல்வகுமார்.

"போனை ஊட்லயே வெச்சிட்டுப் போவா."

செல்வகுமார் தன் போனை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். தெரசா சிலுவை போட்டுக்கொண்டார். "எத்தினி நாளா இப்டி?" என்று சம்பந்தம் தாழ்ந்த குரலில் கேட்டார். ஆறு வருடம் என்றாள் யுவராணி. அந்த விவரம் நாவலில் இல்லை. யாரும் கவனிக்கவில்லை.

நான்கு வாரத்தில் அவள் நாவலைத் திருப்பி எழுதினாள். மரகதம் பக்கத்து வீட்டுக்குப் போனாள், லலிதா நாயகியானாள். செப்டம்பர் 8 அன்று நடுவர்கள் மூவரும் ஏற்றுக்கொண்டார்கள். படித்த அன்று இரவு விளக்கை அணைக்காமல் படுத்ததாகத் தெரசா குறிப்பில் எழுதினார்.

அக்டோபரில் அச்சுப் பிழை பார்ப்பதற்கான தாள்களைக் கொடுக்கச் செல்வகுமார் அவள் வீட்டுக்குப் போனார். அது ஞாயிறு மாலை, ஐந்து மணி. அவளுடைய கணவர் குணசேகரன் கதவைத் திறந்தார்.

"வட்டத்துக்குத்தானே போயிருக்கா? வாராவாரம் போறா. உங்களுக்குத் தெரியாதா?"

"வட்டம் மாசத்துக்கு ஒரு தபாதான் அண்ணாத்தே. அதுவும் காலைல."

குணசேகரன் தாள்களை வாங்கி முப்பது பக்கம் படித்தார். யுவராணி ஏழரைக்குத் திரும்பியபோது செல்வகுமார் போகாமல் உட்கார்ந்திருந்தார். அவர் போன் போட்டுச் சொன்னதில் சம்பந்தமும் தெரசாவும்கூட வந்திருந்தார்கள். அவளுடைய போன் டிவி பெட்டியின் மேல் இருந்தது.

"ஆளு யார்னா இருந்தாகூட அதுல ஒரு நாயம் கீது," என்றார் குணசேகரன். "நாலு பேரக் கூட்டிப் பேசலாம். யாருமே இல்லன்னா நான் யாராண்ட போய் இன்னான்னு சொல்றது?"

"கொஞ்சம் இரு தம்பி," என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தெரசா யுவராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதாவது வேண்டுதலாம்மா? அத்தன வாரம் உட்கார்றேன்னு நேர்ந்துக்கிட்டியா? மனசுல இருக்கறதச் சொல்லு."

"அப்டி எதுனா இருந்தா மேட்டர் இத்தோட க்ளோஸ்," என்றார் செல்வகுமார். "வேணும்னா நானே வாராவாரம் ஸ்டேஷன்ல எறக்கி வுடுறேன்."

குணசேகரன் தலையாட்டினார். வேண்டுதல் என்றால் தனக்கு ஒன்றுமில்லை, கூடவே தேங்காய் வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

யுவராணி மேசையைப் பார்த்தாள். மேல்தாளில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

"வேண்டுதல்னா, புத்தகம்?" என்றாள்.

சம்பந்தம் தொண்டையைச் செருமினார். "லலிதா நீதான்னு ஆயிப்போச்சு. வேண்டுதல்னா அவ பைத்தியம் இல்லம்மா. விதின்னு ஒண்ணு கீது. நாங்க மூணு பேரும் கையெழுத்த வாபஸ் வாங்கணும். வேற எதுனா எழுது, அடுத்த வருசம் பாக்கலாம்."

அவள் தாள்களை எடுத்து ஓரங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள்.

"வேண்டுதல் எதுவும் இல்ல," என்றாள். "சும்மாதான் உட்கார்றேன்."

"நல்லா யோசிச்சிச் சொல்லுக்கா."

"சும்மாதான்."

தெரசா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குணசேகரன் ஆவடியில் மனநல டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று செல்வகுமாரிடம் விசாரித்தார்.

டிசம்பர் 22 அன்று வட்டத்தின் கூட்டத்தில் 'லலிதா' வெளியானது. பரிசு வாங்க யுவராணி மேடையேறியபோது இருபுறமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். முந்நூறில் இதுவரை எழுபத்திரண்டு பிரதிகள் போயிருக்கின்றன.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் குணசேகரன் அவளை ஆவடி கிளினிக்கில் விட்டுவிட்டுப் போகிறார். டோக்கன் எண் பெரும்பாலும் நாற்பதுக்கு மேல் இருக்கும். செல்போனுக்கு அனுமதி இல்லை. அவள் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்காருகிறாள். பிறகு டாக்டர் மூன்று நிமிடம் பேசி, ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொல்கிறார்.