வரேன்னு சொல்லிட்டுப் போனவ

எனக்குக் கரப்பான்பூச்சி, பல்லி, பேய், பிசாசு எதுவும் பயமில்லை. கரப்பான்பூச்சியை வெறுங்காலாலேயே மிதிப்பேன். எனக்கு இருக்கிறது ஒரே பயம். நான் எங்கேயாவது பேச்சு மூச்சில்லாம விழுந்து கிடந்து, பக்கத்துல என் மூணு வயசுப் பொண்ணு மட்டும் நின்னுக்கிட்டு இருந்தா, யார் வந்து பார்ப்பா? வெளிநாட்டுக்கு வந்ததுலேருந்து இது என் நெஞ்சுக்குள்ள சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு. சொந்த பந்தம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். இங்க எங்க வீட்டுக்காரர், நான், வாலு. வாலுங்கிறது பொண்ணு. வச்ச பேரு வேற, ஆனா அவ பண்ற சேட்டைக்கு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வர்றதில்லை.

இந்த லட்சணத்துல எங்க வீட்டுக்காரருக்குக் கிராமத்து ஆசை வந்துச்சு. மனுஷன் ஃப்ரீசர் மெக்கானிக். சிட்டியில சூப்பர் மார்க்கெட் சூப்பர் மார்க்கெட்டா அலைஞ்சு ரிப்பேர் பார்க்கிறவர். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவுல கம்பெனிக்குப் பெரிய குளிர் குடோன் ஒண்ணு இருக்கு. அங்கேயே நிரந்தரமா ஆள் வேணும், வீடும் தரோம், குடும்பத்தோட ஒரு வாரம் தங்கிப் பாருங்க, ஞாயித்துக்கிழமை முடிவு சொல்லுங்கன்னுட்டாங்க. இவர் குதியா குதிச்சார்.

"தனி வீடும்மா! வாலு ஓடி விளையாட இடம் இருக்கு. கீழ்வீட்டுக்காரன் குச்சியால மேல இடிக்க மாட்டான்."

"ஆத்திர அவசரத்துக்கு யாருங்க வருவா?"

"அதான் நான் இருக்கேனே."

"நீங்க ஏழு மணிக்கு வருவீங்க. அவசரம் அதுவரைக்கும் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உட்கார்ந்திருக்குமா?"

அதுக்கு அவர் ஒரு சிரிப்பு சிரிச்சார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சிட்டியில எங்களுக்கு எட்டாவது மாடி. கீழேயே டிரை கிளீனிங் கடை. அங்கதான் நான் பேண்ட் நீளம் குறைச்சு, ஜிப் மாத்தித் தைக்கிறேன். வாலு துணி மூட்டைக்கு நடுவுல உட்கார்ந்து பட்டன் கோர்ப்பா. எதிர்த்தாப்புல ஆஸ்பத்திரி. ஜன்னலைத் திறந்தா வெளிச்சம், ஜனம், ஆம்புலன்ஸ் சத்தம். எல்லாரும் அந்தச் சத்தத்துல தூக்கம் கெடுதும்பாங்க. எனக்கு அது கேட்டாதான் தூக்கமே வரும்.

சரி, ஒரு வாரம்தானேன்னு கிளம்பினேன். வீடு நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. விசாலமான சமையல்கட்டு, மரத்தரை, ஜன்னல் ஜன்னலா ஜன்னல். ஒரு ஜன்னலுக்கும் திரை இல்லை. வெளியில ஈ காக்கா கிடையாது, அப்புறம் திரை எதுக்குன்னு விட்டுட்டாங்க போல. ஆளே இல்லாத இடத்துலதான் யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும்னு அவங்களுக்கு யார் சொல்றது? போன் சிக்னல் அடுப்புக்குப் பக்கத்துல ஒரு மூலையில மட்டும், அதுவும் ஸ்டூல் மேல ஏறி நின்னா. முதல் நாள் இவர் வேலைக்குப் போனதும் எல்லாக் கதவையும் சாத்திட்டு, நானும் வாலும் கட்டில் மேலேயே சாப்பிட்டோம். ஃப்ரிட்ஜ் 'டொக்'குனு நின்னா, தாழ்ப்பாளை ஒருதடவை போய்ப் பார்த்துட்டு வருவேன்.

அக்கம்பக்கம்னு பார்த்தா ஒரே ஒரு வீடு, தோட்டத்துக்கு அந்தக் கோடியில. அங்க ஒரு கோழிக்காரம்மா தனியா இருந்துச்சு. நல்ல உயரம், ஆம்பளை பூட்ஸ், முகத்துல சிரிப்புங்கிற பேச்சுக்கே இடமில்லை. காரை நிறுத்தி இவர் கை காட்டினதுக்கு, அது கையைத் தூக்கலை. சும்மா பார்த்துச்சு.

"பார்த்தீங்களா, முழுங்கிடற மாதிரி பார்க்குது"ன்னேன்.

"உன்னை முழுங்கினா அதுக்குத்தான் ஜீரணம் ஆகாது"ன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் வாலு முட்டை வேணும்னு அழ ஆரம்பிச்சா. வீட்டுல முட்டை இல்லை. அவ அழுகைக்குப் பயந்து, கோழிக்காரம்மா பயத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வச்சுட்டு, அவளை இடுப்புல தூக்கிக்கிட்டுப் போனேன். கதவு திறந்தப்போ அந்தம்மா கையில கத்தி, முன்னாடி கட்டியிருந்த துணியில ரத்தம். கோழி அறுத்துக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு முட்டையே வேண்டாம்னு ஓடிடலாம்னு தோணுச்சு. ஆனா அது கையைக் கழுவிட்டு வந்து, ஒரு அட்டை நிறைய முட்டை அடுக்கிக் கொடுத்துச்சு. வாலு கன்னத்தை ஒரு விரலால தொட்டுச்சு. காசு நீட்டினேன், வேண்டாம்னு தலையை ஆட்டிச்சு.

கிளம்பும்போதுதான் அந்தக் கூத்து. நம்ம வீடுகள்ல "போறேன்"னு சொல்லிட்டு யாராவது படி இறங்குவாங்களா? என் வாயில அந்த வார்த்தை வரவே வராது. சின்ன வயசுல ஒருதடவை சொல்லி அம்மாகிட்ட வாயிலேயே வாங்கினவ நான். அதனால அந்த ஊர்ப் பாஷையில, எனக்குத் தெரிஞ்ச அரைகுறையில, "போயிட்டு வரேன்"னு சொன்னேன். அந்தப் பாஷையில அப்படி ஒரு வழக்கமே இல்லைன்னு எனக்கென்ன தெரியும்?

அந்தம்மா புருவத்தைச் சுருக்கி ஏதோ கேட்டுச்சு. "இன்னைக்கேவா?"ன்னு கேட்டிருக்கு, அது அப்புறம்தான் புரிஞ்சுது. நான் நம்ம ஆளுங்க ஆட்டுவோமே, ஆமாவும் இல்லாம இல்லையும் இல்லாம, அப்படி ஒரு தலையாட்டல் ஆட்டிட்டு வந்துட்டேன். அது சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துச்சு.

பாதி வழியில வாலு இறங்கணும்னு அடம் பிடிச்சா. இறக்கி விட்டேன். விட்டதுதான் தாமதம், ஒரு முயலைப் பார்த்துட்டு மரங்களுக்குள்ள ஓடினா.

"அடியே! நில்லுடி! காலை ஒடிச்சுடுவேன்!"

ஒடிஞ்சது என் கால்தான். முட்டை அட்டையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடினவ, புல்லு மூடிக் கிடந்த வாய்க்காலைப் பார்க்கலை. கணுக்கால்ல 'மளுக்'குனு ஒரு சத்தம். கண்ணுல பூச்சி பறந்துச்சு. இடுப்பு வரைக்கும் சேறு, முகமெல்லாம் முட்டை. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியலை. கரை என் தலைக்கு மேல இருந்துச்சு. போனை எடுத்தேன், சிக்னல் ஒரு கோடு கூட இல்லை.

வாலு கரையில வந்து நின்னு, "அம்மா முட்டை ஆயிட்டா"ன்னு கை தட்டினா. நானும் சிரிச்சேன், அவ பயப்படக் கூடாதுன்னு. அப்போதான் பார்த்தேன், மரத்து உச்சிகளைக் காணோம். பனிமூட்டம் இறங்கிக்கிட்டு இருந்துச்சு. தூரத்துல இருந்த மரம் போச்சு, அப்புறம் அதுக்கு முன்னாடி இருந்த மரமும் போச்சு. நாலு அடி தள்ளிப் போனா என் பொண்ணும் போயிடுவா.

"வாலு, செல்லம், அம்மாகிட்ட வா, உட்காரு"ன்னு கெஞ்சினேன். கெஞ்சினா வர்ற பிள்ளையா அது? "உள்ளே ஒரு குட்டி முயல் இருக்கு"ன்னு பொய் சொன்னேன். கரையில குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தா. கையை எட்டிப் பிடிச்சு இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். துப்பட்டாவை உருவி, ஒரு முனையை அவ மணிக்கட்டுல, இன்னொரு முனையை என் மணிக்கட்டுல முடிச்சுப் போட்டேன். எனக்கு மயக்கம் வந்தாலும் இவ தனியா நடந்து போயிடக் கூடாது. ஆனா மயக்கத்துலேயே நான் செத்துட்டா, இவளைப் பொணத்தோட இல்ல கட்டி வச்சிருப்பேன்? முடிச்சை அவுத்தேன். மறுபடியும் போட்டேன்.

கத்தினேன். "யாராவது இருக்கீங்களா!" தமிழ்லதான் கத்தினேன், பயத்துல வேற பாஷை எங்கேருந்து வரும்? பனி சத்தத்தை முழுங்கிடுச்சு. இவர் வர ஏழு மணி ஆகும். வந்தாலும் எங்கேன்னு தேடுவார்? நான் முட்டை வாங்கப் போனது அவருக்குத் தெரியாது. இந்த உலகத்துல ஒரு உசுருக்கும் நான் எங்க இருக்கேன்னு தெரியாது. சேறு குளிர்ந்து குளிர்ந்து, காலு இருக்கிறதே மறந்துபோச்சு. வாலு விளையாட்டை விட்டுட்டு நடுங்க ஆரம்பிச்சா. "அம்மா, வீட்டுக்கு"ன்னா. என் வயித்தோட அவளை ஒட்டிக்கிட்டு, தெரிஞ்ச சாமி எல்லாத்தையும் கூப்பிட்டேன். தெரியாத சாமியைக் கூட விடலை.

பொழுது மங்கும்போது சரக் சரக்குனு சத்தம். பனிக்குள்ள மஞ்சளா ஒரு வெளிச்சம். அதுக்குப் பின்னாடி நெடுநெடுன்னு ஒரு உருவம், கையில நீளமா கொக்கி மாட்டின கழி. காப்பாத்துங்கன்னு கத்த வேண்டிய நேரம். நான் என்ன பண்ணேன் தெரியுமா? வாலு வாயைப் பொத்திட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க.

வாலு சும்மா இருப்பாளா, என் விரலைக் கடிச்சா. நான் 'ஆ'ன்னேன். வெளிச்சம் நேரா என் மூஞ்சியில விழுந்துச்சு.

கோழிக்காரம்மா! திட்டிக்கிட்டே இறங்குச்சு. பாஷை பாதி புரியலை, திட்டுன்னு மட்டும் நல்லாப் புரிஞ்சுது. வாலு மணிக்கட்டுல இருந்த முடிச்சைப் பார்த்ததும் திட்டு நின்னுச்சு. தன் கோட்டைக் கழட்டி அவளைச் சுத்திக் கரையேத்திச்சு. அப்புறம் என்னைக் கக்கத்துல கை கொடுத்து, மூட்டையைத் தூக்குற மாதிரி தூக்கிச்சு. கோழித்தீவனம் தள்ளுற வண்டியில என்னை உட்கார வச்சு, மடியில வாலுவையும் வச்சு, தோட்டம் பூரா தள்ளிக்கிட்டே போச்சு. இந்த லட்சணத்துல ஊர்வலம் வேற.

அது வீட்டு மேஜையில ரெண்டு கப் டீ, ஆறி ஏடு படிஞ்சு கிடந்துச்சு. ஒரு சின்னக் கிண்ணத்துல வாலுக்குன்னு அவிச்ச முட்டை, தோலுரிச்சு வச்சது.

"வரேன்னு சொன்னே"ன்னு, புரியறதுக்காக ஒவ்வொரு வார்த்தையா சொல்லுச்சு. "காத்திருந்தேன். நீ வரலை. உன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அங்கேயும் இல்லை. தேடினேன்."

நான் அழுதேன் பாருங்க, அப்படி ஒரு அழுகை. கால் வலிக்குத்தான் அழறேன்னு நினைச்சுக்கிட்டு அந்தம்மா துணியை நனைச்சுக் கட்டிச்சு. சிட்டியில டிரை கிளீனிங் கடைக்கார அம்மாகிட்ட வருஷக்கணக்கா தினமும் இதே வார்த்தையைத்தான் சொல்லிட்டுக் கிளம்புறேன். ஒருநாள் நான் வராம போனா, பேண்ட் எப்போ ரெடியாகும்னு கஸ்டமர் கேட்டாத்தான் அவங்களுக்கு என் ஞாபகம் வரும். எதிர்லேயே ஆஸ்பத்திரி இருந்து என்ன புண்ணியம்? பூட்டின கதவுக்குப் பின்னாடி நான் கிடக்கிறேன்னு போன் பண்ண ஒரு ஆள் வேணாமா?

ஏழு மணிக்கு அந்தம்மா போய்க் கூட்டிட்டு வந்தப்போ, இவர் என்னைப் பார்த்ததும் பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டார். காரை விரட்டி டவுனுக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போட்டுட்டு வந்து, வாலுவைக் கீழே விடவே இல்லை.

"போதும்மா. நீ சொன்னதுதான் சரி. இந்தக் காடு நமக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமை சிட்டிக்கே போயிடுவோம். நானே கம்பெனிக்குச் சொல்லிடறேன்."

ஜெயிச்சுட்டேன்னு துள்ள வேண்டியவ, துள்ளலை. வெள்ளி, சனி ரெண்டு நாளும் ஜன்னல் வழியா அந்தத் தோட்டத்தைப் பார்த்தாலே வாய்க்கால்தான் தெரிஞ்சுது. எட்டாவது மாடியை நினைச்சா அந்தப் பூட்டின கதவுதான் தெரிஞ்சுது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமா இருந்தா மனுஷி எங்கதான் போவா?

ஞாயித்துக்கிழமை காரை கோழிக்காரம்மா வாசல்ல நிறுத்தச் சொன்னேன். வாலுவைக் கையில பிடிச்சுக்கிட்டு, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கிட்டுப் படியேறினேன். அந்தம்மா கதவைத் திறந்து நின்னுச்சு. சிரிக்கலை.

நன்றி சொன்னேன். அதுக்கு மேல சொல்ல ஒரு வார்த்தைதான் பாக்கி. "போறேன்"னு சொல்லிப் பார்த்தேன், பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு நாக்கு எழலை. இன்னொண்ணைச் சொன்னா இந்தம்மா உட்கார்ந்து காத்திருக்குமே. டீ போட்டு வச்சுட்டுக் காத்திருக்கும். வரலைன்னா விளக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பும். பின்னாடி இவர் ஹாரன் அடிச்சார்.

"போயிட்டு வரேன்"னேன்.

"எப்போ?"

திரும்பி இவரைப் பார்த்தேன். கார்க் கண்ணாடிக்குள்ளேருந்து, என்னம்மா லேட்டுங்கிற மாதிரி கையைக் காட்டினார். அவருக்கு அங்க நடக்கிறது என்ன தெரியும்? வாலு கையை அழுத்திப் பிடிச்சிருக்கேன் போல, "வலிக்குதும்மா"ன்னா.

"அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை"ன்னு சொன்னேன். "பெட்டி படுக்கை எல்லாம் எடுத்துக்கிட்டு."

அந்தம்மா திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச்சு.

"எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டுச்சு.