மூன்றாம் புள்ளியில் ஓர் எழுத்து

1

இந்தக் கதை எங்கள் வாசற்கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் ஓர் இரும்பு வார்ப்பிலிருந்து பிறந்தது. கனம்? இரண்டு யானை. (சரி, ஒன்று. குட்டி யானை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'ஜன்னலுக்கு வெளியே மழை—' அளவு பார்க்கும் அறைக்கு ஜன்னலே கிடையாது. அடித்தாயிற்று.

இரண்டாம் முயற்சி: 'அவள் கண்கள்—' வேண்டாம், வீட்டில் ஆள் இருக்கிறது.

மூன்றாவது: அளவெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் அவள் நின்றாள். இந்த வரி அசையவில்லை. இருக்கட்டும்.

3

(தாண்டிப் போய்விடாதீர்கள், கதையே இதில்தான்.) மணலில் வார்த்த இரும்பு பரு வந்த முகம் மாதிரி. எதை நேர் என்று நம்பி அளப்பது? அதனால் வரைபடத்திலேயே ஆறு ஆதாரப் புள்ளிகள் குறித்திருப்பார்கள்: ஒரு முகத்தில் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, முனையில் ஒன்று. இயந்திரத்தின் சிவப்புக் கல் முனை அவற்றைத் தொட்டால்தான் வார்ப்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குப் புரியும். முதல் தடவை குத்துமதிப்புதான். கிடைத்ததை வைத்துத் திரும்பத் தொட வேண்டும், எண்கள் அசையாமல் நிற்கும்வரை. நான் தொடக்கம் எழுதுகிற லட்சணம்தான்.

4

வார்ப்புப் பட்டறைக்காரன் உள்ளே வந்தான். தேக்கு உடம்பு, சிங்க மீசை. (நான்? ஓர் ஓரமாக நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையின் குளிர் இன்னும் என் முழங்காலில் இருக்கிறது. போகச் சொல்ல மனம் வரவில்லை.)

"என்னங்க, என் பிள்ளை பாஸா?"

"உங்க பிள்ளை கோணல். துளையெல்லாம் தள்ளிப் போயிருக்கு."

"உங்க மெஷின் தண்ணி போட்டிருக்கும்."

"அது போடாது. செஞ்ச ஆளைத்தான் ஊதச் சொல்லணும்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "இது உலைக்குத் திரும்பிப் போச்சுன்னா நானும் ஊரை விட்டுப் போறேன். வெளியூர்ல எங்க அண்ணன் பட்டறை இருக்கு."

சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

அவள் ஆறையும் மறுபடி தொட்டாள். எண்கள் நின்றன, கோணலாகவே. மூன்றாம் புள்ளியை விரலால் தடவினாள். நெல்மணி உயரத்துக்கு ஒரு மேடு; முனை அதன் மேல் தொட்டதால்தான் எல்லாமே கோணல். அவள் பெயரின் முதல் எழுத்து! மணலில் அச்சுப் பதிக்கிற மரப் பேட்டர்னில் அவன் ஒட்டியது அப்படியே இரும்பில் வந்திருக்கிறது. ஒட்டுவதற்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை மடையனுக்கு.

5

அவள் கையில் அரம். அராவினால் வார்ப்பு தேறும், அவன் ஊரில் இருப்பான். ஆனால் அவன் பார்க்கப் பார்க்க அந்த எழுத்தை அழித்தவள் ஆவாள். விட்டால் எழுத்து இருக்கும், அவன் இருக்கமாட்டான்.

முடிவு அ: அவள் அராவினாள், பொறி பறந்து கூரை பற்றி—

முடிவு ஆ: அவள் அரத்தைத் தூக்கி—

"யாருக்குங்க சிங்க மீசை?" என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "எலிவால் மாதிரி நாலு முடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதுவும் நடுங்கிட்டு நின்னுச்சு."

"கதைம்மா, கதை."

"முடிவுலயும் புளுகினீங்க, எழுதற விரலை அராவிடுவேன்."

6

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, அந்த வார்ப்பின் முட்டில். குனிந்து மூன்றாம் புள்ளியைத் தடவிப் பாருங்கள். முதல் தடவை தெரிந்ததை நம்பாதீர்கள். திரும்பத் தடவுங்கள்.