ரெண்டு தரம் அடித்த போன்

யாராவது இறந்தால் டவுன் பள்ளிவாசலிலிருந்து வரும் ஜனாஸா அறிவித்தல் ஒவ்வொன்றும் ஸாலிஹாவின் போனுக்கு இரண்டு தரம் வந்தது. முதல் தரம் அடித்தால் இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு, மௌத்தானது யாரென்று பார்ப்பாள். இரண்டாந்தரம் அடித்தால் போனைத் தொடவே பயம். அதே பெயர்தான் திரும்ப வந்திருக்கிறது என்று தெரிந்தாலும் நெஞ்சு கேட்டால்தானே! சுனாமி வந்த நாள் மூதூர்ப் பள்ளி ஸ்பீக்கரில் முதலில் அவளுடைய வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள். மூச்சு விடுவதற்குள் அண்ணன்மாரில் மூத்த காக்காவின் பெயரையும் சொன்னார்கள். பாவம், அன்றிலிருந்து அவளுக்கு இரண்டாவது சத்தம் என்றாலே இன்னொரு மையித்துத்தான்.

மிஞ்சியிருந்தது இளைய காக்கா அபூதாஹிர் ஒருவர். அவர் டவுனில் குடியிருந்ததால்தான் அந்தப் பள்ளியின் அறிவித்தலுக்கு அவள் தன் நம்பரைப் பதிந்து வைத்திருந்தாள்.

"அந்த ரெண்டாவது சத்தத்த எப்பிடியாவது நிப்பாட்டு மகள். என்ட ஈரக்கொல நடுங்குது," என்றாள் மகள் றிஷானாவிடம்.

கேட்டதும் சரியான ஆளிடம்தான். பள்ளிகள் மௌத்துச் செய்தி அனுப்பும் அந்த இணையத்தளத்தைச் செய்ததே ஓர்ஸ் ஹில்லில் றிஷானா வேலை செய்யும் அலுவலகம்தான். பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார், மௌத்தானவரின் பெயரையும் அடக்கும் நேரத்தையும் எழுதிப் பொத்தானை அமத்தினால், பதிந்தவர்கள் எல்லோருக்கும் போகும்.

றிஷானா முதலில் சேர்வரைச் சந்தேகித்தாள். பிறகு போன் கம்பெனியை. உம்மாவின் நம்பர் இரண்டு தரம் பதிவாகியிருக்கிறதா என்று தேடினாள், இல்லை. ஈர் உருவுவதுபோல நிரலை வரிவரியாகப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அனுப்பிய பதிவுகளைத் திறந்தால், அட, பிழை மெஷினில் இல்லை! டவுன் பள்ளி அஸீம் மோதினார் ஒவ்வொரு மௌத்துக்கும் இரண்டு தரம் அமத்தியிருந்தார்.

"ஓம் மகள், ரெண்டு தரம்தான் அமத்துறனான்," என்றார் மோதினார், போனில் கேட்டபோது. "ஸ்பீக்கர்லயும் ரெண்டு தரம்தானே சொல்லுறம். முதல் தரம் சனம் இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டு நிக்கும், பேர் காதுல விழாது. ரெண்டாந்தரம்தான் ஆரெண்டு விளங்கும்."

"இது போன், மோதினார். எழுத்து அப்பிடியே கிடக்கும். ஒரு தரம் போதும்."

"சரி மகள்," என்றார். சொன்னாரே தவிர, எத்தனையோ வருஷத்துப் பழக்கம் இலேசில் போகுமா? அடுத்த மௌத்துக்கும் இரண்டு தரம் வந்தது.

றிஷானாவுக்குச் சினம் வந்தது. ஒரே பெயர் ஒரே நாளில் மறுபடி வந்தால் வெளியே போகாதபடி செய்தாள். நிரலைப் பெயரை மட்டும் பார்க்கச் சொன்னாள், அடக்கும் நேரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. 'அனுப்பவில்லை' என்று காட்டினால் மனுஷன் பதறிப்போய் இன்னும் நாலு தரம் அமத்துவார் என்று, மறித்த செய்திக்கும் 'அனுப்பப்பட்டது' என்றே பச்சை எழுத்தில் காட்டவைத்தாள். அந்தப் பச்சை எழுத்தில்தான் வந்தது வினை.

"இப்பதான் மகள் நெஞ்சு ஆறுதலா இரிக்கி," என்றாள் உம்மா.

மார்கழி மழை நாளொன்றில், விடியற்காலை ஸுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அபூதாஹிரின் மகன் நஸ்ரி போனில் அழுதான். வாப்பா மௌத்தாகிவிட்டார். பின்னாலேயே பள்ளி அறிவித்தல் வந்தது: பின்னேரம் அஸருக்கு அடக்கம். போன் ஒரு தரம்தான் அடித்தது.

"பஸ்லான் கடலால வரட்டும். அவனும் மாமாட முகத்தப் பாக்கத்தானே வேணும்," என்று ஸாலிஹா மகனுக்காகக் காத்திருந்தாள். அஸருக்குத்தானே, நேரம் கிடக்கிறது. அவன் கரைக்கு வந்ததும் மூவரும் மூதூரிலிருந்து வேன் பிடித்தார்கள்.

டவுனில் அந்த வீட்டு முற்றத்தில் ஓர் ஆண் இல்லை. உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் நஸ்ரி காலில் சேற்றோடு வந்தான். பின்னால் அஸீம் மோதினார்.

"என்ன மாமி, இப்ப வாறீங்க! தோண்டின கபுறுக்குள்ள தண்ணி ஊறத் தொடங்கிட்டு, மத்தியானம் லுஹரோட எடுக்கிறம் எண்டு அறிவிச்சதே! உங்களப் பாத்துப் பாத்து இருந்திட்டுத்தானே எடுத்த நாங்க," என்றான் நஸ்ரி.

"அஸருக்கு எண்டுதானே வந்திச்சு, மகன்," என்றாள் ஸாலிஹா.

நஸ்ரி மோதினார் பக்கம் திரும்பினான். "எல்லாருக்கும் அனுப்பியாச்சு, போன் எடுக்கத் தேவல்ல எண்டீங்களே!"

"அல்லாஹ்வே, அனுப்பினனான். லுஹருக்கு எண்டு ரெண்டு தரம் அனுப்பினனான். இஞ்ச பாருங்க," என்று போனை நீட்டினார். பச்சை எழுத்து இருந்தது.

றிஷானா பேசாமல் நின்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. பழி முழுக்க அந்த மனுஷன் தலையில் விழுந்திருக்கும்.

"மோதினார் அனுப்பினவர்தான்," என்றாள். "போகாம மறிச்சது நான். அதே பேர் ரெண்டாந்தரம் வராம நான்தான் செஞ்சு வச்சனான்."

ஸாலிஹா கட்டிலருகே போய், விரிப்பைக் கையால் தடவினாள்.

"வேன்ல வரக்குள்ளயும் போனப் பாத்தனான். ரெண்டாந்தரம் அடிக்கேல்ல, அல்ஹம்துலில்லாஹ் எண்டனான்," என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "நீ என்ன செய்வாய் மகள். நான்தானே நிப்பாட்டச் சொன்னனான்."