சத்தமாக வாசித்த ரிப்போர்ட்டு

பதினோரு வருசமாக முருகலட்சுமிக்கு மூட்டெல்லாம் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். அருப்புக்கோட்டையில் பார்த்த எந்த டாக்டராலும் இன்னதென்று சொல்ல முடியவில்லை. "காட்டு வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்று புருசன் ஜெகதீஸ்வரன் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

போன வாரம் மதுரையில் ஒரு டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "இது லூபஸ். உங்க உடம்பே உங்களைத் தாக்குது. இத்தனை வருசம் எப்படித் தாங்குனீங்க?" என்று கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், "தப்புதான் லட்சுமி, மன்னிச்சிரு" என்றான் ஜெகதீஸ்வரன்.

அவள் திருச்சுழியில் இறங்கியதும் அவனை நேரே அவன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போய், எல்லோர் முன்னாலும் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தாள்.

"சத்தமா வாசிங்க."

குரல் உடைய உடைய அவன் வாசித்து முடித்தான். முருகலட்சுமிக்கு மனசு ஆறவில்லை.

"கிளம்புங்க" என்றாள். "அடுத்து உங்க அக்கா வீடு."