ஆபரேட்டரம்மா ஒட்டிய படம்

ஏணியின் மேல்படியில் நின்று பெரியவன் கறுப்புப் போர்வையின் ஓரத்தை ஜன்னல் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்தான். கீழே நின்ற மனைவி ஆணிகளை ஒவ்வொன்றாக நீட்டினாள். இன்னும் ஒரு ஜன்னல் பாக்கி இருந்தது. அதன் வழியே அடித்த வெயில் நேராக எதிர்ச்சுவரில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. துணிக்குக் கீழே அம்மாவின் சவப்பெட்டி.

"சாவு நடந்த இடத்துல வெளிச்சத்தை அடைக்கிறவனை இப்பத்தான் பாக்குறேன்," என்றார் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். "நாலு பேரு நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வெப்பாங்க. இவன் சினிமா காட்டப் போறானாம்."

"அம்மா கேட்டாங்க மாமா."

"அவ கேப்பா. கேட்டதையெல்லாம் செஞ்சுடணுமா?"

பெரியவன் அடுத்த ஆணிக்குக் கையை நீட்டினான். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் அவன் கற்றுக்கொண்டது அது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்ன திட்டினாலும் வாயைத் திறக்காமல் கை வேலையை முடித்துவிட வேண்டும். கடைசி ஆணியை அடித்தான். கூடம் இருண்டது. மாமா "அடடா" என்றார். எதற்கென்று தெரியவில்லை.

அம்மா கேட்டது ஆஸ்பத்திரியில் வைத்து. அதே ஆஸ்பத்திரியில்தான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றாள். எல்லோருக்கும் ஆபரேட்டரம்மா. படுத்திருந்தபோதும் நர்சுகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் ஊட்டிய கஞ்சியை நாலு வாய் குடித்துவிட்டுப் போதும் என்று கையைக் காட்டினாள்.

"டேய், பேச்சு கீச்சு ஒண்ணும் வேணாம். உங்க மாமா மைக்கைப் பிடிச்சா விடமாட்டான். நான் ஒட்டி வெச்சிருக்கேன்ல, அதைப் போட்டுடு."

"எல்லாரும் என்னம்மா நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும். முழுசாப் போடணும், அவ்வளவுதான். பாதியில நிறுத்தினா போட்டதாவே கணக்கில்ல."

அவள் ஒட்டியது இரண்டு பேருடைய பைத்தியங்களை.

ஒன்று அப்பாவுடையது. மருந்துக்கடை வைத்திருந்த அப்பா, கடைக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ரயில்வே கேட் ஒன்றில் தனியாக இருக்கும் வயதான கேட்கீப்பர். அவரைப் பார்க்க மகள் வருகிறாள், இரண்டு நாள் இருக்கிறாள், போகிறாள். மூன்று மணி நேரப் படத்தில் கதை இவ்வளவுதான். "இப்பப் பாரு, இப்பப் பாரு," என்று அப்பா நாற்காலியின் நுனிக்கு வருவார். எல்லோரும் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. "என்னங்க பாக்குறது?" என்பாள் அம்மா. "கேட் இறங்குது பாரு. அந்த மனுஷன் முகத்தைப் பாரு."

இன்னொன்று தங்கையுடையது. எல்லோரும் சின்னவள் என்றே கூப்பிடுவார்கள். அவளுக்குப் பதினாறு பதினேழு வயதில் ஒரு இசைக்குழுவின் ஆல்பம் பிடித்துக்கொண்டது. பாடுகிறவன் பாடுகிறானா, யாரையாவது கூப்பிடுகிறானா என்று வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. கூடத்தில் கேட்கீப்பர் பேசாமல் கோப்பை கழுவிக்கொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ் அதிரும். அப்பா எழுந்துபோய்ச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். அவள் இன்னும் கொஞ்சம் கூட்டிவைப்பாள். அவர் மறுபடி வந்து தட்டும்போது கோபத்தில் அணைத்துவிடுவாள்.

சண்டை பாட்டினால் வரவில்லை. மருந்தாளுநர் படிப்பைப் பாதியில் விட்டவள், கடையிலும் உட்கார முடியாது என்றாள். "அப்ப இந்த வீட்லயும் உட்கார வேணாம்," என்றார் அப்பா. கோபத்தில் வந்த ஒரு வாக்கியம். மறுநாள் காலையில் அவள் இல்லை.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அம்மாதான் நடுவில். தூரத்து ஊரிலிருந்து சின்னவள் பேசும்போது ரிசீவரைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கீரை ஆய்ந்தபடி லைன் கொடுப்பாள்.

"அங்க குளிர் எப்படின்னு அப்பா கேக்குறாரு."

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்பார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"பரவாயில்லையாம். ஸ்வெட்டர் வாங்கிட்டாளாம்," என்பாள் அவரிடம்.

அப்பா போனபோது சின்னவளால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்தாள். அழவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டும் அழவில்லை. அவள் திரும்பிப் போன சில வாரங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பெரியவனுக்குப் போன் செய்தாள்.

"டேய், உங்கப்பா படத்தைச் சத்தமில்லாம ஓடவிட்டுட்டு உன் தங்கச்சி பாட்டைப் போட்டேன். வீடு வெறிச்சுனு இருந்துச்சு, அதான். கேட் இறங்குற நேரத்துக்குச் சரியா டமார்னு ஒரு அடி விழுதுடா. வந்து பாரேன்."

அவன் போய்ப் பார்த்தான். ஒரே ஒரு இடத்தில் சரியாக விழுந்தது. மற்ற இடமெல்லாம் அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. அம்மாவுக்கு அந்த ஒரு இடம் போதுமாக இருந்தது. அவனுடைய பழைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். படத்தை எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். மூன்று மணி நேரத்தை ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த ஆல்பத்துக்குள் அடக்க வேண்டும். "எதைத் தூக்குறது சொல்லு? எதைத் தூக்கினாலும் உங்கப்பா பின்னால நின்னு உச்சுக் கொட்டுற மாதிரியே இருக்கு," என்பாள். இப்படிச் செய்கிற ரசிகர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அவர்கள் கூட்டத்திலும் சேர்ந்தாள். 'ஆபரேட்டர்' என்று பெயர் கொடுத்திருந்தாள்.

"அவங்கல்லாம் என்னை ப்ரோங்குறாங்கடா," என்று சிரித்தாள் ஒருநாள். "ஒருத்தன் மட்டும் திட்டுறான். கோயில் மாதிரி இருந்த படத்தை வெட்டிட்டானாம் இந்தப் பாவி."

இப்போது கூடம் நிரம்பிவிட்டது. டியூட்டி உடையோடு சில நர்சுகள். அவனோடு வேலை செய்பவர்கள். மாடிவீட்டுக் குடும்பம். சின்னவள் காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள். தோள்பையைக்கூட இறக்காமல் பெட்டியருகே போய் அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"ஆரம்பிக்கப் போறேன். வா, உக்காரு," என்றான் பெரியவன்.

"நான் வெளியில நிக்கிறேன் அண்ணா."

"அம்மா உனக்காகத்தான்..."

"தெரியும். அந்தப் பாட்டையெல்லாம் நான் கேட்டே பல வருஷம் ஆச்சு. என்னால முடியாது." வெளியே போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

அவன் புரொஜெக்டரோடு இணைத்திருந்த லேப்டாப்பின் பொத்தானை அழுத்தினான்.

டிரம்ஸின் முதல் அடி விழுந்ததும் முன்வரிசைக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். துணியில் கேட் இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாக. யாரோ இருமினார்கள். மாடிவீட்டுக்காரர் தன் மனைவியின் காதில் ஏதோ கேட்க, அவள் உதட்டைப் பிதுக்கினாள். பெரியவனுக்குக் காது மடல் சூடாகியது. இவர்களுக்குக் கேட்கீப்பரையும் தெரியாது, சுவரையும் தெரியாது. ஒரு கிழவரும் ஒரு கூச்சலும்தான் அவர்கள் முன்னால் இருந்தன.

மூன்றாவது பாட்டில் ஒரு நர்சின் கால் தாளம் போட ஆரம்பித்தது. தலைமை நர்ஸ் முறைத்தாள். கொஞ்ச நேரத்தில் தலைமை நர்சின் விரலும் கைப்பையில் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு சத்தம் அடங்கிய ஒரு பாட்டு வந்தது. கேட்கீப்பர் மகளுக்குப் படுக்கை போடுகிறார். விரிப்பைத் தட்டுகிறார். தலையணையைத் திருப்பி வைக்கிறார். தன் போர்வையையும் கொண்டுவந்து அதன்மேல் போடுகிறார். அப்பா படத்தில் இது வெகுநேரம் ஓடும். அம்மா ஒரு நொடிகூட வெட்டவில்லை. பாடுகிறவன் மெதுவாக, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். மாமா குனிந்து பையைத் துழாவி மெஷினை எடுத்து மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. வெளிச்சத்தோடு சவ வண்டியின் டிரைவர் தலை நீட்டிக் கையைக் காட்டினான். பெரியவன் எழுந்து போனான்.

"சார், கிளம்பணும். மயானத்துல நமக்குக் குடுத்த நேரம் தாண்டிப் போச்சுன்னா அடுத்தவங்க வந்துடுவாங்க. அப்புறம் எப்ப ஆகும்னு சொல்ல முடியாது."

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

"அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது சார்."

சின்னவள் தாழ்வாரத்தில்தான் இருந்தாள். கூடத்தின் சுவரில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்தாள். உள்ளே ஒரு பாட்டு முடிந்துகொண்டிருந்தது. அதற்கு ஏற்றாற்போல் அவள் உதடுகள் அசைந்தன.

அவன் திரும்பிப் போய் லேப்டாப் முன் குனிந்தான். அம்மா என்ன சொன்னாள் என்பது நினைவில் இருந்தது. வெளியே வெயிலில் நிற்கும் வண்டியும் நினைவில் இருந்தது. உயிரோடு இருப்பவர்கள்தானே கடைசியில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விரலைப் பொத்தான்மேல் வைத்தான்.

"நிறுத்தாத அண்ணா."

கதவருகே சின்னவள். டிரைவருக்கும் கூடத்துக்கும் நடுவே நின்றாள்.

"இன்னும் ஒரே ஒரு பாட்டுதாங்க," என்றாள் டிரைவரிடம். "கொஞ்சம் பெரிய பாட்டு."

"எவ்வளவு பெருசும்மா?"

"தெரியல. அதை நான் முழுசாக் கேட்டதே இல்ல. அதுக்குள்ள எங்கப்பா சுவரைத் தட்டிடுவாரு."

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு, "நான் பேசிப் பாக்குறேன்," என்று தள்ளிப் போனான். அவள் உள்ளே வந்து பக்கச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

கடைசிப் பாட்டு ஆரம்பித்தபோது துணியில் ஒரு வெற்றுச் சாலை இருந்தது. கேட்டைத் தாண்டி நேராகப் போகும் மண்சாலை. கேட்டருகே நிற்கும் கேட்கீப்பரைத் தவிர யாரும் இல்லை. கிட்டார் மட்டும். சாலை அப்படியே இருந்தது.

"நின்னு போச்சா?" என்றார் மாமா.

"இல்ல மாமா. ஓடுது."

பெரியவனுக்கு அந்த இடம் தெரியும். படத்தின் கடைசிக் காட்சி. மகள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு அந்தச் சாலையில் நடந்து போவாள். கேமரா அசையாது. அவள் சின்னதாகி, புள்ளியாகி, அதுவும் இல்லாமல் போன பிறகும் சாலையைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த இடத்தில் அப்பா யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். ஆனால் வெறும் சாலை முடிவில்தானே வர வேண்டும்?

சாலையின் கோடியில் ஒரு புள்ளி தெரிந்தது.

புள்ளி பெரிதாகியது. ஒரு பெண். முதுகைக் காட்டிக்கொண்டு, காலைப் பின்னால் பின்னால் எடுத்து வைத்து, கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தாள். மேலே நான்கு பறவைகள் வால் முன்னே போகப் பறந்தன. தரையிலிருந்த புழுதி எழுந்து அவள் பாதத்துக்குள் அடங்கியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏண்டா, பொண்ணு பின்பக்கமா நடக்குது?"

"அம்மா திருப்பிப் போட்டிருக்காங்க மாமா," என்றாள் சின்னவள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. டிரம்ஸ் வந்து சேர்ந்தது. பாடுகிறவன் குரலை ஏற்றினான். அவன் யாரையோ கூப்பிடத்தான் செய்கிறான் என்று பெரியவனுக்கு இப்போது தோன்றியது. அந்தப் பெண் அவசரமே இல்லாமல், ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல், வந்துகொண்டே இருந்தாள். கேட்டின் கீழ் முதுகை வளைத்து இந்தப் பக்கம் வந்தாள். கேட்கீப்பர் அங்கேயே நின்றிருந்தார். அவள் அவரருகே வந்து நின்று மெல்லத் திரும்பினாள். தொங்கிக்கொண்டிருந்த அவர் கை மேலே எழுந்து அவள் தோளில் உட்கார்ந்தது.

பாட்டு முடிந்தது. படம் அதிலேயே நின்றது.

டிரைவர் கதவருகே நின்றிருந்தான். பெட்டியைத் தூக்கவேண்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவன் தங்கையைப் பார்த்தான். அவள் இன்னும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வந்ததிலிருந்து தோளிலேயே தொங்கிய பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.