ஐந்து லட்சம் லிட்டர்

புதிய தண்ணீர்த் தொட்டி பத்தே நிமிடத்தில் நிரம்பி வழிந்தபோது, பம்ப் ஆபரேட்டர் முதலில் சந்தேகப்பட்டது தன் கைக்கடிகாரத்தைத்தான்.

ஊரில் அவருக்கு 'லிட்டர்' என்று பெயர். டீக்கடையில் டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "இதுல நுரை மட்டும் முப்பது மில்லி இருக்குப்பா" என்று சண்டைக்கு நிற்கிற ஆள். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை அளக்காமல் நம்பிவிட்டார்: தொட்டியின் அடியில் இருந்த கல்வெட்டை. 'கொள்ளளவு ஐந்து லட்சம் லிட்டர். குழாயின் நீளம் மூன்று கிலோமீட்டர்.' அதற்குக் கீழே, எண்களைவிடப் பெரிய எழுத்தில், ஊராட்சித் தலைவரின் பெயர். பளிங்கில் பொறித்ததை டேப் வைத்துச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ. தொட்டியும் பார்வைக்கு மலை மாதிரிதான் நின்றது.

கணக்கு சுலபம். பம்ப் நிமிடத்துக்கு ஐயாயிரம் லிட்டர் தள்ளும்; ஐந்து லட்சத்துக்கு நூறு நிமிடம். ஆயிரம் லிட்டருக்கு இருபது மில்லி குளோரின் கரைசல் வீதம் மொத்தம் பத்து லிட்டர். ஒன்பது இருபதுக்குப் பம்பைப் போட்டு, கரைசல் முழுவதையும் முதலிலேயே ஊற்றிவிட்டார். தண்ணீர் ஏற ஏறத் தானாகக் கலந்துவிடும். திறப்பு விழா பதினோரு மணிக்கு.

ஒன்பதரைக்கு உச்சியிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

பம்பை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவரைப் போன் கூப்பிட்டது. விழாப் பந்தலிலிருந்து இன்ஜினியர்.

"யோவ் லிட்டரு, தலைவர் வந்துட்டாரு. வால்வைத் திற."

"சார், தொட்டி என்னமோ அதுக்குள்ள..."

"அவரு சீக்கிரம் வந்ததே உலக அதிசயம். நீ வேற கதை அளக்காதே. திறய்யா!"

இருபது வருடம் 'சார்' போட்டுப் பழகிய கை, மூளையைக் கேட்காமலே சக்கரத்தைச் சுற்றிவிட்டது. அப்புறம்தான் மூளை வந்து சேர்ந்தது. வழிந்த தண்ணீரின் நெடி மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. இரும்பு ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். வெளியே தெரிந்த மலை வெறும் சட்டை. அதற்குள்ளே, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பொடியனைப் போல ஒரு சின்னத் தொட்டி.

பத்து நிமிடம். ஐயாயிரம். ஆக ஐம்பதாயிரம் லிட்டர். மருந்தோ பத்து மடங்கு.

அந்தத் தண்ணீரின் முதல் டம்ளரைக் குடிக்கப்போவது அவருடைய ஏழு வயது மகள். ஆபரேட்டர் மகளே குடித்தால் போட்டோ எடுப்பாக வரும் என்பது தலைவரின் யோசனை. "ஒரே மடக்குல குடிக்கணுமாப்பா?" என்று காலையில் கேட்டாள். "ஆமாடா செல்லம், இருநூறு மில்லிதானே" என்று சொல்லி அனுப்பியவர் இவரேதான்.

இறங்கி வால்வை மூடினார். கை வழுக்கி வழுக்கி மூன்று நிமிடம் பிடித்தது. இன்ஜினியருக்கு அடித்தார், எடுக்கவில்லை. மனைவிக்கு அடித்தார், மேடைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் போனை அணைத்துவிட வேண்டுமாம், அணைத்திருந்தாள்.

போன தண்ணீர் போனதுதான். இறக்கத்தில் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடும். மூன்று கிலோமீட்டருக்கு மூவாயிரம் விநாடி, அதாவது ஐம்பது நிமிடம். ஒன்பது முப்பத்தைந்துக்குத் திறந்தது, பத்து இருபத்தைந்துக்குத்தான் பந்தல் குழாயை எட்டும். நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

குழாய் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டு போகும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். புதிதாக மூடிய பள்ளத்தின் தடமோ நூல் பிடித்த மாதிரி நேரே போயிற்று. அதன் முனையில் பந்தல், கண்ணுக்கெட்டிய தூரத்தில். மிஞ்சிப்போனால் தொள்ளாயிரம் மீட்டர். தொட்டியில் பொய் சொன்னவர்கள் தூரத்தில் மட்டும் உண்மையா சொல்வார்கள்? ஐம்பது நிமிடம் இல்லை, பதினைந்து. அதிலும் பதினொன்று போய்விட்டது. மண்ணுக்கடியில் தண்ணீர் தனக்கு முன்னால் ஓடுவது காலுக்குக் கீழே தெரிவது போலிருந்தது.

ஒலிபெருக்கி முழங்கியது. "ரெண்டே நிமிஷம் பேசிட்டு உக்காந்துடறேன்..."

தலைவரின் ரெண்டு நிமிஷம் என்பது நாற்பது நிமிடம் என்று ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதற்காக அவரை வாய் ஓயத் திட்டியிருக்கும் லிட்டர், "பேசுங்கய்யா, நல்லா இழுத்துப் பேசுங்க" என்று முனகிக்கொண்டே மிதித்தார்.

மேடைக் குழாய் சீறியது. "தண்ணி வந்துடுச்சு!" என்று கூட்டம் கத்தியது. கைதட்டலில் பேச்சு பாதியில் நின்றது.

வாசலில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் மறித்தார். "எங்கே போறே? பாஸ் இருக்கா?"

"பாஸா? தண்ணி விட்டவனே நான்தான்யா!"

சைக்கிளை அவர்மேலேயே சாய்த்துவிட்டுப் பாய்ந்தார். மேடையில் மகள் டம்ளரை உதட்டருகே வைத்துக்கொண்டு மூக்கைச் சுருக்கினாள். "ஏதோ நாத்தம் அடிக்குது..."

"குடிம்மா, குடிம்மா, போட்டோவுக்குச் சிரி" என்றார் இன்ஜினியர்.

லிட்டர் டம்ளரைப் பிடுங்கினார். மூச்சு வாங்கியது. மொத்தப் பந்தலும் அவரையே பார்த்தது.

"என்னய்யா இது?" என்றார் தலைவர், மைக்கோடு.

டம்ளர் தளும்பத் தளும்ப, அதைத் தலைவரின் கையில் வைத்தார் லிட்டர். "ஐயா, அஞ்சு லட்சம் லிட்டருக்கு உண்டான மருந்தை ஊத்திட்டேன். தொட்டி அஞ்சு லட்சம்னா இது நல்ல தண்ணி, தாராளமா குடிங்க. அம்பதாயிரம்னா கீழே ஊத்திடுங்க. எனக்கு என்ன தெரியும்? கட்டினவங்களுக்குத்தான் தெரியும்."

மைக் அதை ஊர் முழுக்கச் சொன்னது.

தலைவர் டம்ளரைப் பார்த்தார். இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தன் பூட்ஸைப் பார்த்தார். லிட்டர் பழக்க தோஷத்தில் விநாடிகளை எண்ணினார். பதினொன்றாவது விநாடியில் தலைவரின் மணிக்கட்டு மெதுவாகச் சாய்ந்தது. இருநூறு மில்லியும் சிவப்புக் கம்பளத்தில் இறங்கியது.

கூட்டத்தின் கடைசியிலிருந்து யாரோ கத்தினார்கள்: "அம்பதாயிரம்!"

லிட்டர் மகளைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் அப்போதுதான் வந்தது.

"அப்பா, நான் குடிக்க வேணாமா?"

"வேணாண்டா."

"ஒரு மில்லி கூடவா?"

அவர் அவளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.